டிராக்டருக்கு இட்ட சந்தனம்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. பெங்களூரில் பொம்மசந்திராவைத் தாண்டி உள்ளே பிரியும் மண்சாலையின் ஓரத்தில் இருக்கும் ஒரு நந்தவனத்தில், டிராக்டர் ஒன்றின் மேல் ஏறி நின்று ஈரத்துணியால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் எழுபத்து மூன்று வயதில் அதற்கு முன் ஒருநாளும் நான் டிராக்டரில் ஏறியதில்லை. கீழே இருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம், என் கையெழுத்துடன், என் தோள்பையில் இருந்தது.

நடந்ததை முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

மல்லேஸ்வரத்தில் பல தலைமுறைகளாக வாழும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. அதற்கு நான்கு ஏக்கர் நிலம் உண்டு. பாதியில் சிவன் கோயிலுக்கான செவ்வந்தியும் அரளியும் மரிக்கொழுந்தும். மீதியில் அன்னதானத்துக்கான கேழ்வரகு. மாநில அரசின் ஒரு துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பழக்கத்தை நம்பி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் மெட்ரோவிலும் பேருந்திலுமாக நந்தவனம் சென்று, வேலைகளைப் பார்வையிட்டு, பூக்கூடையோடு திரும்புவேன். போகும் வழியெல்லாம் பதிகங்களை மனத்துக்குள் ஓதிக்கொண்டு போவது வழக்கம். இளமையில் மனனம் செய்தவை. எழுத்துப் பிசகாமல் இன்றும் நினைவில் உள்ளன. அதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தை மாதத்தில் ஒரு பக்தர் குடும்பம், தாங்கள் வைத்திருந்த சிறிய டிராக்டரை நந்தவனத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. வண்டி வந்த அன்றே பூசை போட்டோம். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் மாலை, விளக்குகளுக்குப் பொட்டு. ஒவ்வொரு பாகமாகச் சந்தனம் வைத்துக்கொண்டே பின்பக்கம் வந்தேன். ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால், தட்டையான இரும்புத் தகட்டின் மேல், கட்டைவிரல் உயரத்தில் ஒரு சிறு உருளை நிமிர்ந்து நின்றது. அதன் தலை உருண்டையாக இருந்தது. கீழே பீடம், மேலே உருண்ட தலை. இருவேளையும் பதிகம் ஓதுகிற ஒருவனின் கண்ணுக்கு அது லிங்கமாக அல்லாமல் வேறெதுவாகவும் தெரியவில்லை. அது வண்டியின் எந்த உறுப்பு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. மூன்று கோடாகத் திருநீறு இட்டு, சந்தனம் சாத்தி, குங்குமம் வைத்து, மஞ்சள் நூலைச் சுற்றினேன்.

அருகில் நின்ற ஓட்டுநரைப் பார்த்து, "இதில் கை படக் கூடாது" என்றேன்.

"சரிங்க ஐயா" என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும் வீட்டிலிருந்து சிறு டப்பாவில் சந்தனம் கொண்டுபோய், கீழே நின்றபடியே கையை எட்டி அதன் மேல் சாத்தி வந்தேன். சந்தனம் அரைப்பது என் மனைவியின் பங்கு.

ஓட்டுநரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வயது நாற்பத்தைந்து இருக்கும். பெங்களூரில் கன்டோன்மென்ட் எனப்படும் பழைய தண்டுப் பகுதியில் பிறந்தவர். அவர் தாத்தா காலத்திலேயே வட ஆர்க்காட்டிலிருந்து வந்துவிட்ட குடும்பம். இப்போது புத்தரை வணங்குபவர்கள். தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டர்களைப் பல ஆண்டுகள் ஓட்டியவர். நந்தவனத்தின் மூலையில் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் மனைவியுடன் தங்கியிருந்தார். அந்த அம்மாள் பூப் பறித்துத் தொடுத்துக் கொடுப்பார். வேலை போனால் அந்த வீடும் போகும். பூசை நடக்கும்போது ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பார், பிரசாதம் கொடுத்தால் இரு கையாலும் வாங்கிக்கொள்வார், கும்பிட மாட்டார். 'தெய்வ பயம் இல்லாதவன், பொறுப்பு எப்படி இருக்கும்?' என்று நான் மனத்துக்குள் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதற்கு ஆதாரமாக வேறு எதுவும் என்னிடம் இல்லை.

சித்திரைக் கடைசியில் அவர் முதன்முறையாகக் குறை சொன்னார்.

"ஐயா, லிஃப்ட் தூக்க மாட்டேங்குது. முக்குது, முனகுது, பாதியில நின்னுடுது."

டிராக்டரின் பின்னால் மாட்டிய கலப்பையையோ, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரையோ எண்ணெயின் அழுத்தத்தால் மேலே தூக்குவதுதான் லிஃப்ட். வரிசையின் கடைசியில் வண்டி திரும்பும்போது கருவியை உயர்த்தியாக வேண்டும். உயராவிட்டால் அது ஓரத்தில் இருக்கும் செடியையும் சொட்டுநீர்க் குழாயையும் இழுத்துக் கிழித்துவிடும். எங்கள் வண்டியில் இந்த எண்ணெய் இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு தொட்டியில் தனியாக இருந்தது.

நான், "காட்டு" என்றேன். அவர் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்து, மூடியோடு இணைந்த அளவுகோலைத் துடைத்து, எண்ணெய் சரியான அளவில் இருப்பதைக் காட்டினார். மூடியைத் திருகி மூடிவிட்டு வண்டியில் ஏறி நெம்புகோலை இழுத்தார். ரோட்டவேட்டர் எந்தத் தடையும் இல்லாமல் மேலே எழுந்தது. இறக்கினார், மறுபடியும் எழுந்தது.

"நன்றாகத்தானே இருக்கிறது?"

அவர் தலையைச் சொறிந்தார். "காத்தால இருந்து நாலு வாட்டி நின்னுச்சுங்க ஐயா. உங்களைப் பாத்தா அதுக்கும் பயம் போல."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

அடுத்த வெள்ளியும் அதுவே நடந்தது. அதற்கடுத்த வெள்ளியும். நான் இல்லாத நாளில் லிஃப்ட் தூக்கவில்லை என்பார். நான் வந்து நின்றால் எண்ணெயைக் காட்டுவார், மூடுவார், தூக்கும். அரசு அலுவலகத்தில், அதிகாரி வந்தால் மட்டும் எழுதும் பேனாக்களைப் பார்த்தவன் நான். இதையும் அவ்வகையில் சேர்த்தேன்.

இருந்தாலும் நடைமுறை என்று ஒன்று உண்டல்லவா? பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் எண்ணெயை மாற்றினார். சல்லடையைக் கழற்றிக் கழுவினார். ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டார். ஒவ்வொன்றுக்காகவும் தொட்டி திறக்கப்பட்டது. அன்றைக்கு லிஃப்ட் சீராக வேலை செய்தது. இரண்டொரு நாளில் பழைய குறையே திரும்பியது. இத்தனை செய்த பிறகும் வண்டியில் குறை என்றால், குறை வண்டியில் இல்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் சந்தனம் சாத்திக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் அருகில் வந்தார்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"லிஃப்டைப் பற்றி என்றால் வேண்டாம். பூசை வேளையில் அந்தப் பேச்சு எதற்கு?"

"அதில்லிங்க ஐயா…" என்று இழுத்தவர், என் கையில் இருந்த சந்தன டப்பாவைப் பார்த்தார். பிறகு, "சரிங்க ஐயா" என்று போய்விட்டார். அந்தப் பார்வையை அன்று நான் கவனித்தேன், பொருள் கொள்ளவில்லை.

ஆனியில் மழை வந்தது. கேழ்வரகு விதைக்கும் பருவம் தவறக் கூடாது என்று, தூறலிலும் உழவை முடிக்கும்படி தொலைபேசியில் சொன்னேன். மாலையில் ஓட்டுநரே அழைத்தார். திருப்பத்தில் ரோட்டவேட்டர் உயரவில்லை. வண்டியை நிறுத்துவதற்குள் ஓரத்தில் இருந்த வில்வக் கன்றுகளில் ஏழு சிதைந்துவிட்டன. சொட்டுநீரின் தலைக்குழாயும் அறுந்துவிட்டது. அந்தக் கன்றுகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கையால் நட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் நடும்போது ஒரு பதிகம் ஓதியிருந்தேன்.

அன்று நான் குரலை உயர்த்தவில்லை. கடிதம் எழுதினேன். கவனக்குறைவு, பொய்க் காரணம், தொடர்ந்த நட்டம் என்று மூன்று குறிப்புகள். மாத இறுதியோடு வேலையும் வீடும் விடப்பட வேண்டும். ஞாயிறன்று நிர்வாகக் குழு கூடி ஒப்புதல் அளித்தால் முடிந்தது. எங்கள் குழுவின் தலைவி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தொலைபேசியில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டியில கோளாறே இல்லைன்னு எழுதியிருக்கீரே, அதைச் சொன்னது யாரு? நீரா? நீர் எப்போ மெக்கானிக் ஆனீர்?"

கேள்வி நியாயமானது. கோப்பில் ஒரு சான்று குறைந்தது. அதைப் பெறுவதற்காகவே நகரத்துக்குள் அடுகோடிப் பகுதியில், ஹைட்ராலிக் எனப்படும் எண்ணெய் அழுத்த வேலைக்குப் பெயர் பெற்ற ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போய் அழைத்தேன். வண்டியைப் பழுது பார்க்க நான் அவரை அழைக்கவில்லை. 'வண்டி நன்றாக இருக்கிறது' என்று எழுதி வாங்கவே அழைத்தேன். இந்த வேறுபாட்டை இன்று எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று இல்லை.

சனிக்கிழமைக் காலை அவர் ஸ்கூட்டரில் கருவிப் பெட்டியோடு வந்தார். வீட்டில் உருது பேசும் மனிதர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒன்றாகப் புரளும். ஓட்டுநர் அவரை "வாங்க பாய்" என்றார். அவர் ஓட்டுநரை "இன்னா குரு, வண்டி மொரண்டு பிடிக்குதா?" என்று, தோழனை அழைக்கும் பெங்களூர்ச் சொல்லால் கேட்டுக்கொண்டே கைலியை மடித்துக் கட்டினார். ஓட்டுநரின் மனைவி அறை வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கை தொடுக்கவில்லை. கடிதத்தைப் பற்றி யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மெக்கானிக் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து மோந்தார், விரலில் தொட்டுப் பார்த்தார். "ஆயில் ஃபஸ்ட் கிளாஸ்." கைப்பிடிகளை அசைத்துப் பார்த்தார், சரி. அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைக் குழாயில் பொருத்தி லிஃப்டை இயக்கச் சொன்னார். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது. "பம்புக்கும் ஒண்ணும் இல்ல."

நான் தாளையும் பேனாவையும் நீட்டினேன். "அதை இதில் எழுதிக் கொடுத்தால் போதும்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓட்டுநரின் முகத்தையும் பார்த்தார். "இருங்க பெரியவரே, இன்னா அவசரம்? நான் பேசிட்டேன். இன்னும் வண்டி பேசலியே. குரு, நீ எப்பவும் ஓட்ற மாதிரி ஓட்டு. ஒண்ணையும் தொறக்காத, மூடாத. ஓட்டிக்கினே இரு."

ஓட்டுநர் காலியாக இருந்த நிலத்தில் உழ ஆரம்பித்தார். வரிசைக் கடைசியில் தூக்கினார், திருப்பினார், இறக்கினார். பத்து முறை, பதினைந்து முறை. வேப்பமர நிழலில் நின்று நான் எனக்கு வழக்கமான பதிகத்தை ஓதிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். திருப்பத்தில் ஒரு சத்தம் எழுந்தது. பாரம் தாங்காத மாடு அடிவயிற்றிலிருந்து எழுப்பும் முனகல் போன்ற சத்தம். ரோட்டவேட்டர் முழங்கால் உயரம் எழும்பி நடுங்கிக்கொண்டே நின்றுவிட்டது.

அதைக் கண்ணால் பார்த்தது அதுவே முதல் முறை. ஓதிக்கொண்டிருந்த அடி நடுவில் அறுந்தது.

மெக்கானிக் ஓடிப் போய், திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். "காத்துக்கு அழுவுது" என்றார். பிறகு எண்ணெய்த் தொட்டியின் மூடியை ஒரு சுற்றுத் திருகினார். 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே ஓடும் சத்தம். அடுத்த கணம் ரோட்டவேட்டர் மடமடவென்று மேலே ஏறியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அரே! இதுக்கு மூச்சு முட்டுது சாமி. உங்களை மூக்கையும் பொத்தி வாயையும் பொத்தி மலை ஏறச் சொன்னா ஏறுவீங்களா?"

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினார். லிஃப்ட் எழும்போது தொட்டியிலிருந்து எண்ணெய் வெளியே போகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பம்பால் எண்ணெயை இழுக்க முடியாது. மூடியைத் திறந்தால் காற்று நுழையும். சிறிது நேரம் வேலை நடக்கும். வண்டி சூடாக ஆக உள்ளே இருக்கும் காற்று எப்படியோ பிதுங்கி வெளியேறிவிடும். திரும்பி வருவதற்கு வழியில்லாமல் மறுபடியும் திணறும். "இதுக்குன்னு ஒரு மூக்கு வெச்சிருப்பான். எங்க அது?" என்று இருக்கைக்குப் பின்னால் குனிந்தவரின் கை, நடுவழியில் நின்றது.

அங்கே எலுமிச்சம்பழப் பருமனில் சந்தனம் உறைந்திருந்தது. மேலே குங்குமம், சுற்றிலும் கறுத்துப்போன மஞ்சள் நூல்.

"யாருப்பா இது, வண்டி மூக்குக்குக் காரை பூசினது?" என்றார். ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "குரு, உனுக்குத் தெரியாதா? இத்தனை வருசம் வண்டி ஓட்டினவன், மூக்கு எதுன்னு தெரியாதா?"

ஓட்டுநர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்றும் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. கடிதம் யார் பையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சந்தனம் யாருடையது என்பதும் தெரியும். ஒரு வாக்கியம் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம். அதை என் முன்னால் சொல்ல அவர் விரும்பவில்லை.

"நான்தான்" என்றேன்.

மெக்கானிக் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினார். "அப்போ நீங்களே எடுத்துடுங்க சாமி. நீங்க பூஜை பண்ணி வெச்சது. நாங்க கை வெக்கறது சரியில்ல."

ஓட்டுநரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்ததைப் பார்த்தேன். தை மாதத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம், ஐந்து மாதங்களுக்குப் பிறகும் அந்த ஓர் அடியில் அப்படியே இருந்தது.

வண்டியில் ஏறுவதற்கு அவர்தான் கை கொடுத்தார். மேலே நின்று ஈரத்துணியால் துடைத்தேன், வரவில்லை. ஓட்டுநரின் மனைவி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினார். அதன் காம்பால் சுரண்டினேன். அடுக்கடுக்காக வந்தது. ஒரு சந்தனப் படலம், ஒரு குங்குமக் கோடு, மறுபடியும் சந்தனம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை. இருபதுக்கு மேல் இருக்கும். மேலே மணம் இருந்தது. கீழே போகப் போக எண்ணெய் ஊறிக் கறுத்த நாற்றம். கடைசி அடுக்கு பெயர்ந்தபோது, உருண்ட தலையின் கீழ் விளிம்பைச் சுற்றி ஊசி நுழையும் அளவில் சில துளைகள் தெரிந்தன. அவை எல்லாமே அடைந்திருந்தன.

மெக்கானிக் கீழிருந்து சொல்லச் சொல்ல அதைத் திருகி எடுத்தேன். டீசலில் ஊறவைத்துக் கழுவினேன். "இப்ப வாயில வெச்சு ஊதிப் பாருங்க" என்றார். ஊதினேன். முதலில் காற்று போகவில்லை. இரண்டாம் முறை மூச்சைக் கட்டி ஊதியபோது துளைகள் திறந்துகொண்டன. நாக்கில் டீசலும் சந்தனமும் சேர்ந்து கசந்தன. அன்று காலை அதே வாயால், உயிர் மூச்சாய் உள்ளிருப்பவனே என்று இறைவனை அழைத்திருந்தேன்.

அதைப் பொருத்திய பிறகு ஓட்டுநர் ஒரு மணி நேரம் உழுதார். ஒருமுறைகூட லிஃப்ட் நிற்கவில்லை. மெக்கானிக் பெட்டியை மூடிக்கொண்டே, "இப்ப எழுதித் தரட்டுமா பெரியவரே? வண்டி நல்லாயிருக்குன்னு?" என்று கேட்டார். அவர் குரலில் கிண்டல் இருந்தது. அதற்கு நான் தகுதியானவன்.

அவர் சென்ற பிறகு ஓட்டுநரிடம் கேட்டேன். "உனக்கு முன்பே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுங்க ஐயா. ரெண்டு மாசமா. மூடியைத் தொறந்தா சரியாவுதுன்னு கண்டுபிடிச்சேன். தெனம் நாலஞ்சு வாட்டி தொறந்து தொறந்துதான் ஓட்டுனேன். அன்னைக்கு மழை. தொறந்தா ஆயில்ல தண்ணி எறங்கிடும். அதான் தொறக்கல. வில்வம் போச்சு."

நான் வரும்போதெல்லாம் லிஃப்ட் ஏன் ஒழுங்காகத் தூக்கியது என்பது அப்போதுதான் விளங்கியது. எண்ணெயை எனக்குக் காட்டுவதற்காக அவர் மூடியைத் திறந்தார். வண்டி மூச்சு விட்டது. அவருடைய நேர்மையே ஒவ்வொரு வெள்ளியும் அவருக்கு எதிரான சாட்சியாகியிருந்தது.

"நான் இல்லாத நாளில் நீயே சுரண்டி எடுத்திருக்கலாமே?"

அவர் இருக்கையில் படிந்திருந்த சந்தனத் தூளைத் துண்டால் தட்டினார்.

"அஞ்சு நிமிச வேலைதாங்க. ஆனா கை படக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. மறுவாரம் வந்து, யாருப்பா தொட்டதுன்னு கேப்பீங்க. நான்தான்னு சொல்லணும். லிஃப்டு சரியா தூக்கத் தெரியாதவன்னு பேர் வாங்கிட்டுப் போனா வேற வண்டி கெடைக்கும் ஐயா. சாமியைத் தொட்டுட்டான்னு பேர் வாங்கிட்டா, எங்க ஆளுங்களுக்கு அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வாசலில் அவர் மனைவி பூத்தொடுக்க ஆரம்பித்திருந்தார். எனக்கு ஒரு தம்ளர் காப்பி கொடுத்தார். நந்தவனத்துக்கு வந்துபோன அத்தனை நாளில் அந்த வீட்டில் நான் எதுவும் வாங்கிக் குடித்ததில்லை என்பது தம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் மூவரில் அதை முன்பே கவனித்திராதவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

மாலையில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: "கோயில்ல அர்ச்சகர் பழசு மேலயேவா புதுசு சாத்துவார்? முதல்ல நிர்மால்யத்தைக் களைஞ்சுட்டுத்தானே? ஐம்பது வருஷமா காலையில போய்ப் பார்க்கறீங்க. நான் என்னமோ, வாரா வாரம் துடைச்சுட்டு வைக்கறீங்கன்னு நினைச்சுண்டு அரைச்சுக் குடுத்தேன்."

முந்தைய நாள் சாத்திய பூவையும் சந்தனத்தையும் களைந்த பிறகே புதியவற்றைச் சாத்த வேண்டும் என்பது வழிபாட்டின் முதல் விதி. இயந்திரம் தெரியாதவன் என்று என்னை மன்னித்துக்கொள்ள நான் வைத்திருந்த ஒரே வாயிலையும் அவள் சாத்திவிட்டாள். எனக்குத் தெரிந்த துறையிலேயே நான் தவறியிருந்தேன். என் தவம், என் பதிகம், என் வெள்ளிக்கிழமை என்று மேன்மேலும் பூசிக்கொண்டு போனேனே தவிர, ஒரு நாளும் பழையதைக் களையவில்லை.

ஞாயிறன்று குழுவில் கடிதத்தை முழுவதும் படித்தேன். பிறகு சனிக்கிழமை நடந்ததையும் சொல்லி, வில்வக் கன்றுகள் சிதைந்ததற்குச் செயலாளரின் செயலே காரணம் என்று குறிப்பேட்டில் பதியக் கேட்டுக்கொண்டேன். தலைவி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அப்போ இன்னிக்கு வேலையைவிட்டு யாரை எடுக்கணும், அதைச் சொல்லும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விலகுவதாகச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. "வில்வத்தை யார் திரும்ப நடறது? வெள்ளிக்கிழமை போய் நடும்" என்று முடித்துவிட்டார்.

அடுத்த வெள்ளி ஏழு கன்றுகளோடு போனேன். குழியைத் தோண்டி வைத்திருந்தார் ஓட்டுநர். நடும்போது பதிகம் ஓதினேன். அவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். முடிந்ததும் அவரிடம் சென்று, "தை மாதத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது உங்கள் வண்டி. எங்கே வேண்டுமானாலும் உங்கள் கை படலாம்" என்றேன். அவர், "பரவாயில்லீங்க ஐயா" என்றார். பெங்களூரில் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மன்னித்தேன் என்பது அவற்றில் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் வெள்ளிதோறும் சந்தனம் கொண்டுபோகிறேன். எந்த இடத்தில் வைக்கலாம் என்று அவரைக் கேட்கிறேன். அவர் முகப்பில் ஓர் இடத்தை விரலால் காட்டுகிறார். போன வாரத்துச் சந்தனத்தைத் துணியால் துடைத்தெடுத்த பிறகு, அந்த இடத்தில் ஒரு பொட்டு மட்டும் வைக்கிறேன். லிஃப்ட் நன்றாகத் தூக்குகிறது. கன்றுகள் ஏழும் துளிர்த்துவிட்டன. ஆனால், கை படக் கூடாது என்று அன்று நான் சொன்னது அந்த இரும்பைக் காப்பதற்காகத்தானா, அல்லது அந்தக் கை யாருடையது என்பதற்காகவா என்ற கேள்வி, ஒவ்வொரு வாரமும் நான் முதலில் களைய வேண்டிய நிர்மால்யமாக இன்னும் என் மேலேயே இருக்கிறது.